அந்த 90 மில்லிமீட்டர் எங்கே போகிறது?

ஒரு பிக்கப் வண்டியின் உடலைச் சேசிஸ் என்ற அடிச்சட்டத்தின் மேல் கீழிறக்கும் வேலையைப் பற்றிப் பேச்செடுத்தால், கேட்பவர்களில் பெரும்பாலோர் அதைச் சஸ்பென்ஷன் வேலை என்றே எண்ணிக்கொள்கிறார்கள். ஸ்பிரிங்கைக் குறைத்தால் வண்டி தாழும், மேலும் குறைத்தால் மேலும் தாழும் என்பது அவர்களுடைய கணக்கு. சேசிஸ் தரையைத் தொடுகிற இடத்தில் அந்தக் கணக்கு முடிந்துவிடுகிறது. இன்றைய கார்களைப் போல உடலும் சட்டமும் ஒரே கூடாகப் பற்றவைக்கப்பட்ட வண்டியில்லை இது. இரண்டு நீண்ட இரும்புச் சேனல்களின் மேல், ரப்பர் புஷ்களை இடையில் வைத்து, கேபினையும் சரக்குத் தொட்டியையும் போல்ட் போட்டு உட்கார வைத்திருக்கிறார்கள். அதனால் சேனலின் அடிப்பகுதி எப்போதும் கேபினின் அடிவிளிம்பைவிடத் தாழ்வாகவே இருக்கும். நான் வேலை செய்துகொண்டிருக்கும் வண்டியில் இந்த வித்தியாசம் 90 மில்லிமீட்டர். சேசிஸை முழுவதுமாகத் தரையில் படுக்க வைத்த பிறகும், கதவுக்குக் கீழே ஓடும் சில் பட்டிக்கும் தரைக்கும் நடுவில் நான்கு விரல் நுழைகிற இடைவெளி தெரியும். அந்த இடைவெளியை இல்லாமல் ஆக்குவதற்குத்தான் பாடி டிராப் என்று பெயர்.

இந்தக் கலை அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் வளர்ந்தது. அதன் வளர்ச்சியில் ஒரு சட்டத்துக்கும் பங்குண்டு. சக்கரத்தின் ரிம்மினுடைய கீழ்விளிம்பைவிட வண்டியின் வேறெந்தப் பகுதியும் தாழ்ந்திருக்கும்படி மாற்றியமைத்து ஓட்டக் கூடாது என்ற விதி அங்கே 1958-இல் நடைமுறைக்கு வந்தது. அடுத்த ஆண்டே ரான் அகீரே என்ற இளைஞர் தம்முடைய எக்ஸ்-சோனிக் என்ற கார்வெட் காரில் ஹைட்ராலிக் பம்ப்புகளைப் பொருத்தி, நிறுத்தும்போது தாழவும் ஓட்டும்போது சட்டப்படியான உயரத்துக்கு எழும்பவும் வழி செய்தார். ஜப்பானியச் சிறு பிக்கப்புகள் பின்னர் அந்தச் சந்தைக்குள் வந்தன. 1964 முதல் இறக்குமதிச் சரக்கு வண்டிகளுக்கு அமெரிக்கா 25 சதவீதம் வரி விதித்தபோதிலும், அதைத் தவிர்க்கத் தொட்டியில்லாத கேபின் சேசிஸாகக் கொண்டுவந்து அங்கே தொட்டியை மாட்டி விற்கும் வழக்கம் 1980 வரை நடந்தது. விலை குறைந்த அந்த டட்சன், டொயோட்டா, மாஸ்டா, இசுசு வண்டிகளே இளைஞர்களின் கைக்கு எட்டின. முதலில் ஸ்பிரிங்கைக் குறைத்தார்கள், அடுத்து ஸ்பிரிங்குக்குப் பதிலாக ஹைட்ராலிக்கும் காற்றுப் பைகளும் வந்தன, சேசிஸ் தரையைத் தொட்டது. அதற்கும் கீழே போக உடலையே வெட்ட வேண்டியிருந்தது. பழைய கார்களை வேகத்துக்காக மாற்றி ஹாட் ராட் கட்டியவர்கள் அதற்கு வெகு காலத்துக்கு முன்பே இதே வேலையைச் சேனலிங் என்ற பெயரில் செய்துவந்தார்கள்.

சென்னையில் இதைச் செய்ய நினைப்பவர் முதலில் சட்டத்தைப் படிக்க வேண்டும். மோட்டார் வாகனச் சட்டம், 1988-இன் 52-ஆம் பிரிவு, உற்பத்தியாளர் குறித்துக் கொடுத்த விவரங்களிலிருந்து மாறுபடும்படி ஒரு வண்டியை அதன் உரிமையாளர் மாற்றக் கூடாது என்கிறது. உச்ச நீதிமன்றமும் 2019 ஜனவரியில் இதை உறுதி செய்தது. அதே ஆண்டு திருத்தத்துக்குப் பிறகு, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ இரண்டுமோ விதிக்க இடமிருக்கிறது. உடல் இறக்கிய வண்டி நம் சாலையில் ஓட முடியாது. ஓடவும் கூடாது என்பதே என் எண்ணம். பலகை நட்டு எச்சரிக்காத வேகத்தடைகளும் மழைக்காலத்தில் ஆழம் தெரியாத பள்ளங்களும் உள்ள ஊரில் அப்படிப்பட்ட வண்டி மற்றவர்களுக்கும் ஆபத்து. எங்கள் வண்டி என் நண்பருடைய தந்தை கோயம்பேடு சந்தைக்குக் காய்கறி ஏற்றிப் போன பழைய டாடா மொபைல் 206. 55-ஆம் பிரிவின்படி அதன் பதிவை முறையாக ரத்து செய்த பிறகே இரும்பு வெட்டும் கிரைண்டரைக் கையில் எடுத்தோம். அது அம்பத்தூர்ப் பட்டறையை விட்டு வெளியேறும்போது வேறொரு வண்டியின் முதுகில் ஏறித்தான் வெளியேறும். போய்ச் சேரும் இடமும் நண்பருடைய சொந்த நிலம்தான்.

குட்டி யானையில் இதைச் செய்யலாமே என்று கேட்டவர்கள் உண்டு. 2005-இல் வந்த டாடா ஏஸுக்கும் ஏணி போன்ற சேசிஸ்தான், ஊரெங்கும் கிடைக்கிறது, உதிரிப் பாகமும் மலிவு. ஆனால் அதன் இரண்டு சிலிண்டர் இன்ஜின் இருக்கைக்கு அடியில் உட்கார்ந்திருக்கிறது. கேபினை இறக்கினால் இன்ஜின் அப்படியே மேலெழுந்து இருக்கையைத் தள்ளும், இருக்கை ஓட்டுநரின் தலையைக் கூரையோடு சேர்க்கும். முன்னால் பானெட் நீண்டிருக்கும் 206-இல் இன்ஜின் கேபினுக்கு வெளியே இருப்பதால், அங்கே சமாளிக்க இடமுண்டு.

இந்த வேலையின் சாரமும் அதுதான் என்று நினைக்கிறேன். வெளியிலிருந்து எடுத்த 90 மில்லிமீட்டர் எங்கும் போய்விடுவதில்லை. பானெட்டுக்கு அடியில், மிதிகட்டையில், இருக்கையில், தொட்டியின் தளத்தில் என்று ஒவ்வோர் இடமாக அது திரும்ப வந்து நிற்கிறது. எந்த இடத்தில் அதற்கு எவ்வளவு விட்டுக்கொடுப்பது என்பதை வெட்டுவதற்கு முன்பே முடிவு செய்தவருடைய வண்டி ஒழுங்காக அமையும். வெட்டிவிட்டு யோசிப்பவருடைய வண்டி பாதியில் தார்ப்பாய் போர்த்திக் கிடக்கும்.

வழி இரண்டு. ஒன்று, கேபினின் தளத்தை ஓரமாகச் சுற்றி வெட்டிப் பிரித்து, தளம் சேசிஸின் மேலேயே இருக்க, மீதிக் கூட்டை மட்டும் கீழே இறக்கி, புதிய உயரத்தில் தளத்தோடு சேர்த்துப் பற்றவைப்பது. இது பழைய முறை. இன்னொன்று, தளத்தைத் தொடாமல் சேசிஸை வெட்டி, உயரம் குறைந்த செவ்வகக் குழாய்களால் நடுப்பகுதியைப் புதிதாகக் கட்டி, முன்னும் பின்னும் மேலே வளைத்து ஏற்றுவது. இரண்டாவது முறையில் உள்ளே உட்காரும் இடம் குறையாது, கதவைத் திறந்தால் எல்லாம் கம்பெனியிலிருந்து வந்ததைப் போலவே தெரியும். ஆனால் வண்டியின் பாரம் முழுவதையும் சுமக்கிற சட்டத்தின் ஒவ்வொரு இணைப்பும் நம் பற்றவைப்பை நம்பியிருக்க வேண்டும். நாங்கள் முதல் முறையைத் தேர்ந்தெடுத்தோம். இந்த வண்டியின் சேசிஸ் துருவில்லாமல் நேராக இருந்தது, தளமோ ஏற்கெனவே பல இடங்களில் அரித்துப்போயிருந்தது. நல்லதை விட்டுவிட்டுக் கெட்டதை வெட்டுவதே நியாயம் என்று பட்டது.

அளவெடுப்பதில்தான் பெரும்பகுதி நேரம் போயிற்று, அது அப்படித்தான் போக வேண்டும். பட்டறைத் தரை எதுவும் மட்டமாக இருப்பதில்லை. எங்களுடையது வாசலை நோக்கிச் சரிந்திருக்கிறது. அதனால் தரையை நம்பாமல், சேசிஸை நான்கு ஸ்டாண்டுகளின் மேல் ஏற்றி, கொத்தனார்கள் பயன்படுத்தும் டியூப் மட்டத்தால் நான்கு மூலைகளையும் ஒரே உயரத்துக்குக் கொண்டுவந்து, தகட்டுத் துண்டுகளை அடியில் சொருகி நிறுத்தினோம். சேசிஸின் நடுக்கோட்டை முன்னிருந்து பின்வரை நூல் பிடித்துக் குறித்தோம். பிறகு கேபினின் இரு பக்கமும் தூக்குக்குண்டு தொங்கவிட்டு, இரு சில் பட்டிகளும் அந்த நூலிலிருந்து ஒரே தூரத்தில் இருக்கின்றனவா என்று பார்த்தோம். ஒரு பக்கம் 4 மில்லிமீட்டர் கூடுதலாக இருந்தது. ரப்பர் புஷ்கள் நசுங்கியதால் கேபின் பல ஆண்டுகளாகவே ஒரு பக்கம் ஒதுங்கி உட்கார்ந்திருக்கிறது. அதைக் கவனிக்காமல் வெட்டியிருந்தால், அந்த ஒதுக்கம் வண்டியின் நிரந்தர அமைப்பாகியிருக்கும்.

வெட்டுவதற்கு முன் கேபினுக்கு உள்ளே குழாய்களைக் குறுக்கும் நெடுக்குமாக வைத்துப் பற்றவைத்தோம். தளம்தான் கேபினின் இரு பக்கச் சுவர்களையும் விரியாமல் பிடித்துக்கொண்டிருக்கிறது. அதை எடுத்துவிட்டால் கூடு கோணிக்கொள்ளும். புதுப்பேட்டையில் நெடுங்காலம் டிங்கர் வேலை செய்த மேஸ்திரி ஒருவர் எங்களோடு இருக்கிறார். கை நுழைய வசதியாக இருக்குமே என்று நான் கதவுகளைக் கழற்றப் போனபோது, அவர் தடுத்தார்.

“தம்பி, கதவு மாட்டியே இருக்கட்டும். அதுதான் நமக்கு அளவுகோல்.”

“வெல்டிங் பொறி கண்ணாடியில தெறிக்குமேண்ணே?”

“கண்ணாடியக் கழட்டிக்க. கதவை மட்டும் விடு. வெட்டினப்புறம் தூக்காம அழுத்தாம அது மூடணும். மூடலைன்னா கேபின் திரும்பிடுச்சுன்னு அர்த்தம், அப்பவே நிறுத்திடணும்.”

வேலை முழுவதும் அந்தக் கதவுகளே எங்களுக்கு வழிகாட்டின. கதவுக்கும் தூணுக்கும் இடையிலுள்ள சந்தில் ஒரே கனமுள்ள அட்டைத் துண்டை மேலிருந்து கீழே ஓட்டிப் பார்ப்பார் மேஸ்திரி. அட்டை எங்காவது இறுகினால், கூட்டைச் சங்கிலியில் தாங்கியிருக்கும் செயின் பிளாக்கை அந்தப் பக்கத்தில் ஒரு பல் தளர்த்துவார்.

தளத்தின் ஓரத்தில், சில் பட்டியின் உட்சுவரை ஒட்டி, ஏஜி ஃபோர் என்ற சிறிய கை கிரைண்டரில் மெல்லிய கட்டிங் வீல் போட்டு வெட்டினோம். பின்சுவரின் அடியிலும், முன்னால் கால் வைக்கும் சரிவுத் தகட்டின் மேல்விளிம்பிலும் அதே வெட்டு சுற்றி வந்தது. கடைசித் துண்டு அறுபட்டபோது தளம் சேசிஸின் மேல் தனியாகவும், கூடு சங்கிலியில் தனியாகவும் நின்றன. பத்துப் பத்து மில்லிமீட்டராக இறக்கினோம். ஒவ்வொரு முறையும் அட்டை, நூல், மட்டம் மூன்றையும் பார்த்தோம். 84-இல் நிறுத்தினோம். 90 முழுவதையும் இறக்கினால் சில் பட்டியும் சேசிஸின் அடியும் ஒரே மட்டத்துக்கு வந்துவிடும். அப்போது வண்டி தரையில் படுக்கும்போது பாரத்தில் ஒரு பங்கைச் சில் தகடும் ஏற்க வேண்டியிருக்கும். 6 மில்லிமீட்டரை விட்டுவைத்தால் பாரம் சேசிஸோடு நின்றுவிடும். கண்ணுக்கு அந்த ஆறு தெரிவதில்லை.

தளத்தையும் சுவரையும் மீண்டும் சேர்க்க, ஒரு மில்லிமீட்டர் தகட்டை எல் வடிவத்தில் வளைத்துப் பட்டியாக வைத்தோம். மெல்லிய தகட்டில் நீளமாக ஓட்டிப் பற்றவைத்தால் சூட்டில் அது அலை அலையாக நெளிந்துவிடும். ஆகவே சிஓடூ வெல்டிங்கில் முதலில் டேக் அடித்து, அதாவது அங்கங்கே சிறு புள்ளியாக ஒட்டி, பிறகு ஓர் அங்குலம் இங்கே, அடுத்த அங்குலம் எதிர்ப்பக்க மூலையில் என்று மாறி மாறிப் போட்டு, தொட்டுப் பார்த்தால் கை தாங்கும் சூட்டுக்கு ஆறிய பிறகே பக்கத்து அங்குலத்துக்கு வந்தோம். இதில் பொறுமையைத் தவிர வேறு சூத்திரம் கிடையாது. கேபினை இறக்கிய அளவு தொட்டியையும் முன் மட்கார்டுகளையும் ரேடியேட்டர் தாங்கியையும் இறக்கியாக வேண்டும். பக்கவாட்டில் ஓடும் மடிப்புக் கோடு முன்விளக்கிலிருந்து பின்விளக்குவரை ஒரே நேராகப் போகாத வண்டியை, அது எவ்வளவு தாழ்ந்திருந்தாலும், முடிந்த வேலையாக நான் ஏற்றுக்கொள்ள மாட்டேன்.

பானெட்டுக்கு அடியில் கணக்கு திரும்ப வந்தது. இன்ஜின் சேசிஸோடு நிற்கிறது, பானெட்டோ 84 மில்லிமீட்டர் கீழே வந்துவிட்டது. எது எதில் இடிக்கும் என்று கண்ணால் சொல்ல முடியாது. ஆகவே இன்ஜினின் உயரமான இடங்களில் எல்லாம் களிமண் உருண்டைகளை வைத்து, மேலே பாலித்தீன் தாளை விரித்து, பானெட்டை மெதுவாக மூடித் திறந்தோம். ஏர் கிளீனரின் மேலிருந்த உருண்டை தாள்போல நசுங்கியிருந்தது. வால்வு மூடியின் மேலிருந்தது ஒரு விரல் கனத்துக்கு மிஞ்சியிருந்தது. ஏர் கிளீனரைப் பக்கவாட்டுக்கு மாற்றிக் குழாய் கொடுத்ததோடு அது தீர்ந்தது. ரேடியேட்டர் அவ்வளவு எளிதாக விடவில்லை. தாங்கியோடு சேர்ந்து அது இறங்கியதால், இன்ஜினின் முன்னால் சுழலும் விசிறி இப்போது ரேடியேட்டரின் நடுவுக்கு நேராக இல்லை. அதன் அடியோ சேசிஸுக்குக் கீழே தொங்கப் பார்த்தது. உயரம் குறைந்த, அகலம் கூடிய ரேடியேட்டரைச் செய்யச் சொல்லி, மின்விசிறியைப் பொருத்தினோம். தண்ணீர் ஊற்றும் வாய் இன்ஜினின் தலையைவிடத் தாழ்ந்துபோனால் உள்ளே காற்று சிக்கிக்கொண்டு சூடேறும் என்பதால், இன்ஜினையும் கேபினையும் பிரிக்கும் தடுப்புச் சுவரின் மேல்பகுதியில் தனியாக ஒரு சிறு தொட்டி வைத்து, தண்ணீர்ப் பாதையின் உச்சிப் புள்ளியை அங்கே கொண்டுபோனோம். சென்னை வெயிலில், நின்ற இடத்திலேயே இன்ஜின் ஓடிக்கொண்டிருக்கப் போகிற வண்டிக்கு இதில் சுருக்கு வழி கூடாது.

அடுத்தது மிதிகட்டை. பிரேக், கிளட்ச் மிதிகள் தடுப்புச் சுவரின் மேல்பகுதியிலிருந்து தொங்குகின்றன. சுவர் இறங்கிவிட்டது, தளம் இறங்கவில்லை. ஆகவே மிதிகள் தரையைத் தொட்டுவிட்டன. பலரும் மிதியின் தண்டை வெட்டிச் சிறிதாக்கிவிடுகிறார்கள். அதை நான் வன்மையாக எதிர்க்கிறேன். மிதியின் கீலிலிருந்து பாதம் படும் இடம் 300 மில்லிமீட்டர் தூரத்திலும், பிரேக்கை அழுத்தும் தள்ளுகோல் 50 மில்லிமீட்டர் தூரத்திலும் இருப்பதாக வைத்துக்கொண்டால், பாதத்தின் விசை ஆறு மடங்காகி பிரேக்குக்குப் போகிறது. தண்டில் 84-ஐ வெட்டி 216 ஆக்கினால் அது நான்கு மடங்குக்குச் சற்று மேல் என்று குறைந்துவிடும். தனியார் நிலத்துக்குள் பத்தடி நகர்கிற வண்டியானாலும், நிற்க வேண்டிய இடத்தில் அது நின்றாக வேண்டும். மிதியின் தாங்கியைச் சுவரிலேயே 84 மில்லிமீட்டர் மேலே ஏற்றிப் புதிய தகட்டில் பொருத்தினோம். அதனால் மறுபக்கத்தில் பிரேக் எண்ணெயை அழுத்தும் மாஸ்டர் சிலிண்டரும் மேலே ஏறி, பானெட்டின் உட்சட்டத்தை நெருங்கியது. சட்டத்தின் அந்தப் பகுதியைக் குடைந்து, ஓரத்துக்கு மடிப்புக் கொடுத்துப் பலப்படுத்தினோம். ஸ்டியரிங் தண்டின் சாய்வும் மாறிவிட்டதால், நடுவில் கோணத்திலும் சுழலவிடும் யூனிவர்சல் ஜாயின்டும் அதைத் தாங்க ஒரு பேரிங்கும் வைக்க வேண்டியிருந்தது.

இருக்கையில் அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. தளம் கூரையை நோக்கி 84 மில்லிமீட்டர் ஏறிவிட்டதால், பழைய இருக்கையின் ஸ்பிரிங் கூடையை நீக்கி, மெல்லிய கடின ஃபோமில் புதிதாகத் தைக்கக் கொடுத்திருக்கிறோம். என் நண்பர் உயரமானவர். கால்களை நீட்டித்தான் உட்கார வேண்டும், அவருக்கு அது சம்மதம்.

பின்பக்கம் சக்கரத்தின் அளவே எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. 195/65 ஆர் 15 டயரின் விட்டம் ஏறத்தாழ 634 மில்லிமீட்டர். சக்கரங்களை இணைக்கும் ஆக்சிலின் மையம் தரையிலிருந்து 317-இல் நிற்கும். சேசிஸ் படுத்தாலும் எழுந்தாலும் அந்த உயரம் மாறாது. ஆக்சில் குழாயின் பாதிக் கனத்தையும், இடிக்காமலிருக்க இடைவெளியையும் கூட்டினால், படுத்த நிலையில் ஆக்சிலுக்கு மேலே போகும் சேனலின் அடி 380-க்குக் குறையாமல் இருக்க வேண்டும். அதனால் அந்த இடத்தில் மட்டும் சேனலை வெட்டி, பாலம்போல மேலே ஏற்றி இறக்கினோம். சேனலுக்குக் குறுக்கே செங்குத்தாக ஒரே கோட்டில் பற்றவைத்தால் விரிசல் அங்கேதான் தொடங்கும். ஒவ்வொரு இணைப்பின் மேலும் சாய்சதுர வடிவில் வெட்டிய தடித்த தகட்டை வைத்து, பாரம் நீண்ட தூரத்துக்குப் பரவும்படி செய்தோம். பட்டை ஸ்பிரிங்குகளுக்குப் பதிலாக நான்கு இணைப்புத் தண்டுகளும், பேருந்துகளில் இருப்பதைப் போன்ற சிறிய ஏர் பெல்லோக்கள் என்ற ரப்பர் காற்றுப் பைகளும் வந்திருக்கின்றன. பெல்லோ விரிந்தாலும் சுருங்கினாலும் அதன் ரப்பர் எதிலும் உரசக் கூடாது, வெல்டிங் பிசிறிலும்கூட. வண்டி படுக்கும்போது கியர்பாக்ஸ் கீழே போக, ஆக்சில் அங்கேயே நிற்பதால், இரண்டையும் இணைக்கும் ப்ரொப்பல்லர் ஷாஃப்ட் பின்னோக்கி மேலே ஏறுகிறது. அதற்கு வழிவிடத் தளத்தின் நடுவில் ஓடும் சுரங்கம் போன்ற மேட்டையும் உயர்த்த வேண்டியதாயிற்று.

கடற்காற்று இருக்கும் ஊர் என்பதால், வெட்டிய ஒவ்வொரு விளிம்பையும் அன்றன்றே மூடிவிடுகிறோம். இரவில் விட்டுப்போன வெறும் இரும்பு காலையில் பழுப்பாகிவிடும். இணைப்பின் உட்பக்கம் பற்றவைப்பதற்கு முன்பே துத்தநாகப் பிரைமர் அடித்து, பிறகு சந்துகளில் சீலர் வைத்து, சில் பட்டியின் உள்ளே மெழுகு தெளிக்கிறோம். சில் பட்டியில் தண்ணீர் வடியக் கம்பெனி விட்ட துளைகள் அடிவிளிம்பில் இருக்கின்றன. இனி அந்த விளிம்பு தரையோடு படுத்திருக்கும், துளைகள் மண்ணால் அடைபடும். ஆகவே உட்பக்கச் சுவரின் அடியில் சேசிஸை நோக்கிப் புதிய துளைகள் போட்டிருக்கிறோம். வடகிழக்குப் பருவமழை தொடங்குவதற்குள் அவற்றில் தண்ணீர் ஊற்றிப் பார்த்துவிட வேண்டும்.

இனி மிச்சமிருப்பது தொட்டியின் தளம். சேசிஸின் பாலமும் டயர்களும் அதன் வழியே மேலே வருவதால், பழைய தளத்தில் பாதிக்கு மேல் போய்விட்டது. சக்கரத்துக்கு மேல் வரும் இரு கூண்டுகளும் தளத்திலிருந்து முழங்கால் உயரத்துக்கு நிற்கும். நடுவில் ஒரு காய்கறிக் கூடை வைக்கிற அகலம் இருக்கட்டும் என்று நண்பர் கேட்டிருக்கிறார். அதற்கான வரைபடத்தைத் தகடு வளைக்கும் இடத்தில் கொடுத்திருக்கிறோம். கூண்டுகள் வந்ததும் டேக் அடித்து நிறுத்தி, பெல்லோக்களில் காற்றை முழுவதும் விட்டுப் படுக்க வைத்துப் பார்த்த பிறகே நிரந்தரமாகப் பற்றவைப்போம்.